குளக்கரையின் கிழக்கு கேட்

பூங்கா வாசலில் காவலுக்கு நிற்பவரைப் பார்த்து யாரும் வணக்கம் சொல்வதில்லை, "ஏன்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏன் இம்புட்டுச் சீக்கிரம் மூடுறீங்க, ஏன் தண்ணியில இறங்க விடல, ஏன் பஜ்ஜிக் கடை இல்ல. எவரோ எங்கோ உட்கார்ந்து போட்ட விதிக்கு வாசலில் நின்று பதில் சொல்லும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி போகும் வழியில், ஒரு குளக்கரைப் பூங்காவில் எனக்கு வேலை.

ஆட்டோடு வந்தவர்

அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கிக்கொண்டு ஒருவர் வேனில் வந்து இறங்கினார். குளத்தில் ஆட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை என்ற போர்டைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆடு உள்ள வரக்கூடாது, சரி. தண்ணி வெளிய வரக்கூடாதுன்னு போர்டுல இல்லியேக்கா. ஒரு வாளி குடுங்க" என்றார்.

புதுப் பூட்டு

எங்கள் பூங்காவுக்கு இரண்டு வாசல். மேற்கு வாசலில் படிக்கட்டு. கிழக்கு வாசலில் சரிவுப் பாதை. தறி நெய்யும் நாகம்மாள், பக்கவாதம் வந்த தன் கணவர் வீரணனைத் தினமும் காலையில் அந்தக் கிழக்கு வாசல் வழியாகத்தான் கூட்டி வருவாள். கரையோரக் கம்பியைப் பிடித்து அவர் நடப்பார். மருத்துவர் சொன்ன பயிற்சி அது. சமதளமாக நடக்க அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

மூன்று நாள் லீவு முடிந்து நான் வந்தபோது அந்த கேட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. என் சாவி அதில் நுழையவில்லை. எதிரே புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் போட்ட பூட்டு. அவர்களின் குடியிருப்போர் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். தெருவில் பைக் திருடு போனதாகவும், கண்டவர்கள் நடமாட்டத்தைக் குறைக்கத்தான் பூட்டியதாகவும் சொன்னார். பயம் நியாயம்தான். அதற்காகக் குளத்தைப் பூட்ட முடியுமா? திரும்பி வந்தபோது கேட்டுக்கு வெளியே நாகம்மாள் கணவரைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். மூன்று நாளாக இப்படி வந்து திரும்பிப் போகிறார்களாம். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "நடக்காம விட்டா காலு மறுபடி மரத்துப் போகுதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பூட்டுக்காரர்

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். கேட் நம்முடையது, பொறுப்பு என்னுடையது, பூட்டை எடுக்கப்போகிறேன், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றேன். வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டார். எனக்கு அது போதும். திண்டுக்கல்லில் பூட்டுத் திறக்க ஆளுக்கா பஞ்சம்? வந்தவர் பூட்டைப் புரட்டிப் பார்த்து, "நம்ம ஊர்ப் பூட்டுன்னா நேரம் எடுக்கும்க்கா. இது செத்த நேரத்துல வந்துரும்" என்றார்.

தலைவர் வந்தார்

மறுநாள் காலையில் தலைவர் கோபமாக வந்தார். என் வேலையைப் பறித்துவிடுவதாகச் சொன்னார். எனக்குக் குரல் உயரவில்லை. திருட்டுப் பயத்துக்குத் தெருவிளக்கு கேளுங்கள், நானும் கூட வருகிறேன், கரை மட்டும் எல்லாருக்கும்தான் சார் என்றேன்.

அப்போது வீரணன் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக எங்களை நோக்கி வந்தார். பாதையை மறித்து நின்ற தலைவர் தானாகவே ஒதுங்கினார். வீரணன் கடந்து போகவில்லை, நின்றார். பேச்சு குழறினாலும் தெளிவாகவே புரிந்தது: "வாங்க சார், சேந்து நடப்போம். நான் மெதுவாத்தான் வருவேன்."

தலைவர் அன்று நடக்கவில்லை, நாலைந்து நாள் கழித்து நடந்தார். கிழக்கு கேட்டுக்கு அதன்பிறகு யாரும் பூட்டு போடவில்லை.

கரை எல்லாருக்கும் என்று முடிவான பிறகு, நிழலில் இருக்கும் பெஞ்சு யாருக்கு என்ற பஞ்சாயத்து இப்போது என்னிடம் வந்திருக்கிறது.