மேல்வீட்டு அக்கா

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு மேல்வீட்டில் ஓர் இந்தோனேசியக் குடும்பம் இருக்கிறது. போன வருடம் அங்கே பாண்டுங் நகரிலிருந்து அவர்களுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி காலேஜ் படிக்க வந்து தங்கினாள். இருபது வயதிருக்கும். முதல் தடவை அவளைப் பார்க்கிங்கில் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிப் பாத்திக் துணி, மேலே தொளதொள டிஷர்ட், காலில் வெள்ளை ஸ்னீக்கர்ஸ். அம்மாக்கள் பெட்டியில் பூட்டி வைத்த துணியை எடுத்து இப்படிக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் அங்கே இளசுகளின் ஃபேஷனாம். எனக்கு இதைச் சொன்னவள் பதினைந்து வயதான என் மகள்.

சீக்கிரமே என் மகள் மேல்வீட்டில் குடியேறாத குறைதான். அவர்கள் ஊர்ப் பாட்டுக்கு ரீல்ஸ் எடுத்தாள். பனைவெல்லம் போட்ட ஐஸ் காபியைச் சொட்டு விடாமல் உறிஞ்சினாள். நான் கருப்பட்டிக் காபி நீட்டினால் மூக்கைச் சுளித்தவள் இவள். பாத்திரம் கழுவச் சொன்னால், "மாகெர்" என்றாள். 'நகரவே சோம்பலாக இருக்கிறது' என்பதை அங்கே பிள்ளைகள் அப்படிச் சுருக்கியிருக்கிறார்களாம். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிறந்ததிலிருந்து இங்கிலீஷில் பதில் சொன்னவளுக்கு அந்த மொழி மட்டும் எப்படி நாக்கில் ஏறியது?

அந்தப் பெண்ணை அவள் 'காக்' என்று கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். கோயிலில் பார்க்கும் எந்தப் பெண்ணையும் அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"காக்காவா?" என்று கேட்டுவிட்டு என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கல் விழாவுக்குக் கிளம்பும்போது கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒரு ஃபோட்டோவுக்காவது புடவை கட்டிக்கோடி."

"நோ வே, அம்மா. இட்ஸ் ஸோ அன்கம்ஃபர்டபிள்."

சொல்லிவிட்டு என் அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது என்னுடைய பச்சைச் சுங்குடிப் புடவை பாதியாக மடித்து அவள் இடுப்பில் இருந்தது. மேலே ஸ்வெட்டர், கீழே ஸ்னீக்கர்ஸ்.

"யாருடி கட்டிவிட்டா?"

"காக் தான். லுக்ஸ் குட், ரைட்?"

நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விழாவில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படிங்க ஒத்துக்க வெச்சீங்க?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். "அவளாவே கட்டிக்கிட்டா" என்றேன். மேல்வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தால் தட்டுப் போடாமல் இருக்க முடியுமா? ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஊரிலிருந்த தன் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, ஃபோனை என் பக்கம் திருப்பினாள். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மகளிடம் படபடவென்று ஏதோ சொன்னார்.

என்னவென்று கேட்டேன். அந்தப் பெண் நெளிந்தாள். வீட்டில் அம்மா வைக்கும் அவர்கள் ஊர்ப் புளிக்குழம்பை அவள் தொட்டதே இல்லையாம். இங்கே மட்டும் எப்படி இறங்குகிறது என்று கேட்கிறாராம். போதாக்குறைக்கு என் ரசத்தை அடிக்கடி இன்ஸ்டா ஸ்டோரியில் வேறு போடுகிறாளாம்.

திரையில் அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு அது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கரண்டியை எடுத்து, ஃபோனில் தெரிகிற மாதிரி, அவர் மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.