மீன்பெட்டியில் வந்த பால்

"ஏட்டி, பிள்ளைக்கு வாய்தான் சின்னது. காது நல்லாத்தான் இருக்கு. என்னத்துக்குக் கெடந்து கத்துக?"

லிஜி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அவள் பக்கத்துக் கட்டில்காரி. என் மகள் அபிதா பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் பள்ளிக்கூட டீச்சர். எட்டாம் வகுப்புப் பையன்களை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். அந்தப் பழக்கத்தில், "வாயைத் திற, திறந்து தொலையேன்" என்று பச்சைப்பிள்ளையிடமும் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை.

"உன் வேலையைப் பாரு" என்றேன். அவள் பார்க்கவில்லை. முந்தின நாள்தான் பிள்ளை பெற்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள நடந்து என் கட்டிலுக்கு வந்தாள். அபிதாவின் வயிற்றை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பி வைத்தாள்.

"நீ குனியாத. பிள்ளைய உயத்து. கழுத்தத் திருப்பி வச்சிட்டு உன்னால கஞ்சி குடிக்க முடியுமா?"

அபிதா சட்டென்று கவ்விக்கொண்டாள். வலியிலும் நிம்மதியிலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் இது முதல் பிள்ளைதானே, எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "எனக்க அக்கா மூணு பெத்தா. மூணையும் நாந்தான் இடுப்புல வச்சிட்டு நடந்தேன். இப்ப அவ விழிஞ்சத்துல இருக்கா. எனக்குத் தூக்க ஆளில்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

கடியப்பட்டணத்துக்காரி அவள். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. கணவன் கிளீட்டஸ் கொச்சிப் பக்கம் விசைப்படகில் போயிருந்தான். மகன் பெனிட்டோவை அவன் முதலில் பார்த்தது போனில்தான். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில் தொண்ணூறு நாள் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். அம்மாவே இல்லாதவளுக்கு ஏது அம்மா வீடு? கிளீட்டஸின் சித்தி ஒருத்தி வெந்நீர் போட்டுத் தந்தாள், அவ்வளவுதான். என் அம்மாவுக்கு உடம்பு முடியாததால் நானும் கணவர் வீட்டுக்குத்தான் போனேன்.

மூன்றாவது கட்டிலில் ஜெனிலா. மேற்கே ரப்பர் தோட்டத்துப் பக்கம் அவளுக்கு வீடு. ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்திருந்தார்கள். கணவன் கத்தாரில். தும்மினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். அவளுக்கும் லிஜிதான் தலையணையை மடித்து வயிற்றில் கொடுத்து, "இத அமுக்கிப் பிடிச்சிட்டு நல்லாத் தும்மு மக்கா" என்றாள்.

வீட்டுக்குப் போகும் முன்பே ஜெனிலா போனில் ஒரு குரூப் தொடங்கிவிட்டாள். பெயர் 'மூணு கட்டில்'. லிஜிக்கு டைப் செய்யப் பொறுமை கிடையாது, எல்லாம் குரலில்தான் வரும். பச்சையாக வெளிக்குப் போகிறதே, விக்கல் நிற்கவில்லையே, தொப்புள் உப்பியிருக்கிறதே, எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதெல்லாம் அங்கே கேட்டோம். ஒருத்தி அழுதால் மற்ற இருவரும் போனை வைக்கமாட்டோம்.

ஏழாவது வாரம் எனக்கு மாரில் பால் கட்டிச் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல் நூற்றுமூன்று. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கீறினார்கள். ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்தது, மறுபக்கம் வற்றிப்போயிருந்தது. டப்பாப் பாலைக் கொடுத்தால் அபிதா மூக்கு வழியாக வாந்தி எடுத்தாள். அரை மணி நேரத்தில் இரண்டாவது முறை எடுத்தபோது எனக்கு உலகமே வெறுத்துவிட்டது. குரூப்பில் ஒரே ஒரு வரிதான் அனுப்பினேன்: "என் பிள்ளை பட்டினி."

லிஜி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுப்பில் பெனிட்டோ, கையில் ஒரு தெர்மக்கோல் பெட்டி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அபிதாவை வாங்கி மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

நான்கு நாள் அப்படி வந்தாள். ஜெனிலாவும் இரண்டு நாள் வந்து, லிஜியிடம் ஒரு பிள்ளை குடிக்கும்போது இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் என் கணவர் அனில்குமார் அபிதாவை இரணியலுக்கு வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார். ராத்திரிக்குப் பால் வேண்டுமே? லிஜி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பீய்ச்சி, தெர்மக்கோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துக் கொடுத்து விடுவாள். வீட்டில் பாலாடையில் எடுத்து ஊட்டுவது அழகம்மை மைனி.

மைனி என் கணவரின் அக்கா. முப்பத்தைந்து வயதில் கணவனை இழந்து எங்களோடு வந்தவர். எங்களுடையது சைவக் குடும்பம். மைனியின் சைவம் எங்களுடையதைவிட நான்கு படி மேலே. தெருக்கோடியில் மீன் பாத்திரம் வந்தால் இங்கே அடுக்களையில் அவருக்குத் தெரிந்துவிடும். சன்னலைச் சாத்திச் சாம்பிராணி போடுவார். அவரிடம் போய், கடப்புறத்து மீனவப் பெண்ணின் பால் என்று எப்படிச் சொல்வது? "தன்யாவுக்க பாலுதான்" என்று என் பெயரையே சொல்லச் சொன்னேன். அனிலும் அப்படியே சொன்னார். மைனி ஒன்றும் கேட்கவில்லை. அபிதா தேறினாள், நானும் தேறினேன். இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

மூன்றாம் மாதம் லிஜியின் முறை வந்தது.

எனக்கு அரசாங்கம் சம்பளத்தோடு ஒரு வருடம் விடுப்புக் கொடுத்திருக்கிறது. லிஜிக்கு யார் கொடுப்பார்கள்? கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பாத்திரத்தைச் சுமந்து இரணியலில் எங்கள் பக்கத்து இரண்டு தெருக்களில் மீன் விற்கிறவள். முப்பது வீடுகள். அவள் அம்மாவிடம் வாங்கி, பிறகு அவளிடம் வாங்கிய வீடுகள். இந்தத் தொழிலில் வீடுதான் சொத்து. மூன்று மாதம் ஆள் வரவில்லை என்றால் வேறொருத்தி வந்து நிற்பாள். பிறகு "நீதான் வரலையே மக்கா" என்று முடிந்துபோகும். அப்போதே ஒருத்தி வந்து நின்றாயிற்று. ஆறு வீடு கைவிட்டுப் போயிருந்தது.

லிஜி கிளம்பினாள். பெனிட்டோ புட்டிப் பாலைத் தொடமாட்டேன் என்றான். நான்கு வகை ரப்பர் காம்பு வாங்கிப் பார்த்தாள், பாலாடையில் கொடுத்தாள், துப்பினான். சித்தியிடம் விட்டுப் போன பத்து நாளில் அழுது அழுது தொண்டை கட்டியது. அடுத்த தடுப்பூசிக்கு நானும் அவளும் சேர்ந்து போனபோது அவன் எடை கூடவில்லை, குறைந்திருந்தது. நர்ஸ் எல்லோர் முன்னாலும் திட்டினார். லிஜி கார்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, "வீடுகள விட்டுட வேண்டியதுதான் டீச்சரே. அம்மை பதினெட்டு வருசம் நடந்து பிடிச்சது. போகட்டு, சவத்த" என்றாள். அவள் சிரிக்காமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"எதுக்கு விடணும்? நீ மீன் விக்குற தெருவுக்கு அடுத்த தெரு எங்க வீடு. கொண்டாந்து என்கிட்ட விடு. நான் குடுக்கேன்."

"உனக்க மைனி?"

"அவங்க எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போனா பத்து மணிக்குத்தான் வருவாங்க. நான் பாத்துக்கிடுகேன்."

உண்மையில் மைனி அரை மணி நேரத்தில் திரும்புகிறவர். ஆனால் ஆச்சரியமாக, பெனிட்டோ வந்த இரண்டாம் நாளிலிருந்தே பத்து மணி ஆக்கத் தொடங்கினார். முதல் நாள் லிஜியை அவசரமாகப் போனில் கூப்பிட்டு, கொல்லை வழியாக அவனை அனுப்பி மூச்சு விடுவதற்குள் மைனி வந்துவிட்டார், நான் வேர்த்துப்போய் நின்றேன். மறுநாளிலிருந்து பயமே இல்லை. முருகன் நம் பக்கம் என்று நான் குரூப்பில் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஓடியது. எட்டு மணிக்குக் கொல்லைக் கதவு தட்டும் சத்தம். லிஜி மீன் பாத்திரத்தை வெளியே மதிலோரம் வைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, பிள்ளையைத் தருவாள். பத்து மணிக்குள் வாங்கிப் போவாள். பெனிட்டோ என்னிடம் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அபிதா, இருவரும் என் தாலிச் சங்கிலிக்குச் சண்டை போடுவார்கள். போன ஆறு வீட்டில் நான்கு லிஜியிடம் திரும்பி வந்துவிட்டன. நான் ஈரத் துணிகளைக் கொடியில் உள்பக்கமாகக் காயப்போட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பிடித்த மழை விடவே இல்லை. லிஜி பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எட்டரை மணிக்கு முன்கதவு திறந்தது. தலையெல்லாம் நனைந்து மைனி நடையில் நின்றார். பெனிட்டோ பசியில் கத்திக்கொண்டிருந்தான். அபிதாவோ அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மடியில் கிடந்தது அபிதா இல்லை என்பது குருடனுக்கும் தெரியும்.

கூட வேலை செய்கிற டீச்சரின் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெனிட்டோ என் நைட்டியைப் பிடித்து இழுத்து வாயால் தேடினான். பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது? மைனி பார்க்கப் பார்க்கவே அவனை எடுத்து அணைத்துக்கொண்டேன். அவர் வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன்.

"ஆமா மைனி, மீன்காரி பிள்ளதான். நான்தான் பால் குடுக்கேன். தீட்டு, ஆசாரம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நானும் சும்மா இருக்கமாட்டேன். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப உங்க மருமக நாலு நாள் குடிச்சது யார் பாலுன்னு நெனச்சீங்க? இவன் அம்மைக்க பாலு!"

மைனி முந்தானையைப் பிழிந்தார். துண்டெடுத்துத் தலையைத் துவட்டினார்.

"முடிச்சியா?"

நான் பெனிட்டோவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"நீ டீச்சரு. ஒனக்குக் கணக்குத் தெரியும். ஒரு பக்கம் கீறிப் போட்டிருக்கு, மறுபக்கம் வத்திப்போச்சுன்னு அனிலு சொல்லுகான். பெறவு ஒரு டப்பா பாலு எங்கேருந்துட்டி வரும்? அதும் மீன் பெட்டி ஐஸுல! டப்பாவத் தொறந்தா கடப்புறமே அடுக்களைக்குள்ள வந்து நிக்கி. எனக்க மூக்கத் தெரிஞ்சிருந்தும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கியே!"

ஐஸ் என்றால் லிஜிக்குத் துறையில் மீனுக்கு அள்ளுகிற ஐஸ்தான். அவளுக்கு அந்த மணம் தெரியாது. எனக்குக் காய்ச்சல். அனிலுக்கு மூளை இருந்தால்தானே.

"அப்ப தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"பிள்ள அழுதுச்சு. குடுத்தேன், குடிச்சுச்சு, ஒறங்கிச்சு. அதுக்கு மேல எனக்கு என்னத்துக்கு? டப்பாவத்தான் மூணு தடவ புளி போட்டுத் தேய்ச்சேன்."

"ஏன் மைனி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ எங்கட்டி சொல்ல விட்ட? வாயத் தொறந்தா கடிக்க வருவ. இப்பவும் அதான செஞ்ச?" மைனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தார். "இவன் வாறதும் மொத நாளே தெரியும். ஒத்தப் பிள்ளைக்கு இத்தன துணியா கொடியில? அதான் சாமி கும்பிட்ட பெறவும் மண்டபத்துல இருந்தேன். ரெண்டு மணிக்கூர் சாமிகிட்ட பேச எனக்கு என்ன கெடக்கு? முட்டு ரெண்டும் கழண்டு போச்சு. இன்னைக்கு மண்டபம் பூரா தண்ணி. எங்க போயி இருக்கச் சொல்லுக?"

எனக்கு மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. இந்த மனுஷியை நான் எவ்வளவு கேவலமாக நினைத்து வைத்திருந்தேன். என் மூன்று வாரத் திருட்டுக்கு, கல்தரையில் முட்டு வலியோடு காவல் இருந்திருக்கிறார். "மைனி, மன்னிச்சிருங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "பிள்ளைக்குப் புரையேறும். அழாமக் குடு" என்றார்.

பத்து மணிக்கு லிஜி கொல்லைக் கதவைத் தட்டினாள். திறந்தது மைனி. அவர் தோளில் பெனிட்டோ தூங்கிக்கொண்டிருந்தான். லிஜியின் முகம் வெளுத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே இரண்டடி பின்னால் போனாள்.

"அம்மா, நான் உள்ள ஏறல. டீச்சர் மேல தப்பில்ல, நாந்தான்..."

"நனையாத. உள்ள ஏறு. ஒனக்க டப்பா ஒண்ணு எங்கிட்ட கெடக்கு."

மைனி அலமாரியைத் திறந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். லிஜி ஈரக் கையை முந்தானையில் துடைத்து வாங்கினாள். கனமாக இருந்ததால் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே விளிம்பு வரை ஏத்தங்காய்ப் பொடி, பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுகிற நேந்திரங்காய் மாவு. சீவி, காயவைத்து, இடித்து, துணியில் சலித்த பொடி. மைனி அதைக் காயவைத்தபோது நானும் பார்த்தேன், ஒரு பிள்ளைக்கு எதற்கு இத்தனை என்று கேட்டு ஒரு முறை முறைத்ததும் நான்தான்.

"அடுத்த வீட்டுப் பாத்திரத்த காலியா திருப்பப்பிடாது. ஆறு மாசம் ஆனதும் குறுக்கிக் குடு. இந்தப் பயலுக்கு எடை பத்தாது" என்றார் மைனி. "நாளையிலேருந்து நான் அரை மணிக்கூர்ல வந்துருவேன். எனக்கு முட்டு வலி. நீங்க ரெண்டு பேரும் பேடிச்சு ஒளியாதீங்க."

வார்டில் எங்கள் எல்லோரையும் அழாதே என்று சொன்னவள் லிஜி. அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டு, ஏங்கி ஏங்கி அழுதாள்.