தோர்பென் போன பிறகு

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தோர்பென் போய்விட்டான். தனியாகப் போகவில்லை. வேகமாக ஓடிப் பந்து பிடிக்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் பதிந்து, அங்குள்ள அணியிலும் சேர்ந்துவிட்டான். சயந்தினியிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வெளியேறியபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் அந்த மாணவர் அணிக்கு அவள்தான் தாக்குதல் பயிற்சியாளர். பந்து தங்கள் கையில் இருக்கும்போது யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. தோர்பென் குவாட்டர்பேக். பந்தை முதலில் கையில் வாங்குகிறவன், எறிகிறவன். ஐம்பது யார் தூரத்துக்கு, ஏறக்குறைய நாற்பத்தைந்து மீட்டருக்கு, அவன் எறிந்தால், ஓடுகிறவன் நெஞ்சில் போய் விழும்.

"இரண்டு வருடம் அவன் எறிந்தான், நீ கைதட்டினாய்," என்றான் தலைமைப் பயிற்சியாளன் ஹெனிங். "இனி நீ என்ன செய்கிறாய் என்று எல்லோரும் பார்க்கப்போகிறோம்."

சயந்தினிக்கு முப்பத்தொன்பது வயது. ஆறு வயதில் பருத்தித்துறையிலிருந்து வந்தவள். ஒரு வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்தில், சத்திரசிகிச்சை உபகரணங்களைக் கழுவி, கிருமி நீக்கி, பட்டியல்படி தட்டுகளில் அடுக்கும் பகுதியில் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். தொழிற்பயிற்சிக் காலத்தில், கூடப் படித்தவள் ஒருத்தி, "எங்கள் பெண்கள் அணிக்கு நடுவில் நிற்க ஒரு கனமான ஆள் வேண்டும்" என்று அவளை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள். அவமானப்படுத்தத்தான் சொன்னாள். சயந்தினி போனாள். பதினொரு வருடம் முன்வரிசையில் நின்றாள். முழங்கால் போன பிறகு, பழைய ஆட்டங்களின் வீடியோவைக் கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொருவன் காலும் எத்தனை அடி வைக்கிறது என்று எண்ணி எழுதத் தொடங்கினாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு கொப்பிகள் நிறைந்தன. இந்த அணிக்கு வேறு ஆள் கிடைக்காத ஒரு வருடத்தில் அவளை எடுத்தார்கள். அதை ஹெனிங் அவளுக்கு அடிக்கடி நினைவூட்டுவான்.

தோர்பெனின் இடத்துக்கு மிஞ்சியிருந்தவன் பாரத். கரூரிலிருந்து இயந்திரவியல் முதுகலை படிக்க வந்தவன். உடற்பயிற்சிக்காகச் சேர்ந்தவன், இரண்டு வருடமும் மாற்று ஆளாக ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முப்பது யார் தூரத்துக்கு மேல் எறிய வராது. எறிந்தாலும் பந்து போய்ச் சேருவதற்குள் எதிராளி வந்துவிடுவான்.

ஏப்ரலில் நடந்த முதல் ஆட்டத்தில் சயந்தினி எதையும் மாற்றவில்லை. தோர்பெனுக்காக எழுதிய எழுபத்திரண்டு ஆட்டங்கள், அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டங்கள், கொண்ட அதே ஏடு. தோர்பென் நின்ற இடத்தில் பாரத். முப்பத்தெட்டுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். பாரத் எறிந்ததில் ஐந்து பந்துகள் எதிராளிகளின் கைக்குப் போயின.

"நீர் ஏன் பந்தைக் கையில வைச்சுக்கொண்டே நிண்டனீர்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"எங்கக்கா எறியறது? பிடிக்கிறதுக்கு ஆள் எங்க இருந்தாங்க?" என்றான் பாரத். "நான் தோர்பென் இல்லைக்கா. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியல. அப்புறம் இந்த 'நீர்', 'உமக்கு' எல்லாம் வேண்டாம். ராஜா நாடகத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

"'நீ' எண்டு சொல்ல எனக்கு நீர் ஆர்? உமக்கு விளங்கினாச் சரி."

மறுநாள் வேலையில், கூட வேலை செய்யும் கண்மணி அக்கா முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள். "என்ன, வாங்கிக் கட்டினனியளாம்?"

"ஓம்."

"ஆர் போனது, ஆர் வந்தது எண்டு பாக்காமல் பழைய லிஸ்டையே குடுத்தனியோ?" கண்மணிக்கு அந்த விளையாட்டைப் பிடிக்காது. சயந்தினி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வராததையும் பிடிக்காது. "இஞ்ச ஒரு கத்தரி குறைஞ்சாத் தட்டைப் பூட்ட விடமாட்டாய். சத்தம் போட்டு எங்களைக் கொல்லுவாய். அங்க மட்டும் ஏதோ ஒரு கத்தரியைப் போட்டு அனுப்பினனியாக்கும்."

சயந்தினி அடுத்த தட்டை இழுத்து எண்ணத் தொடங்கினாள். அது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அந்தக் கிழமைக்குள்ளேயே எழுபத்திரண்டையும் வெட்டி எறிந்து ஆறு ஆட்டங்கள் மட்டும் வைத்தாள். எறிவது ஒன்றுகூட இல்லை. ஆறும் ஓட்டம். பந்து பிடிக்கிறவர்கள் இருவரை எடுத்துவிட்டு, முன்வரிசையில் இரண்டு தடித்த ஆட்களைச் சேர்த்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது உடம்புதான். நூற்றிருபது கிலோவுக்குக் குறையாத ஏழு பேர். ஒரே நேரத்தில் ஒரே திசையில் முதல் அடியை வைத்தால், அவர்களுக்குப் பின்னால் ஓடுகிறவனுக்கு நாலு யார் கிடைக்கும். நாலு முயற்சிக்குள் பத்து யார் போனால் பந்து தங்களிடமே இருக்கும். அப்படியே கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், புள்ளிகள். அவளுக்கு அது போதும்.

மற்றவர்களுக்குப் போதவில்லை. "தாத்தா காலத்து ஆட்டம்," என்றான் ஒருவன். எடுத்துவிட்ட இருவரும் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள். முன்வரிசைக்காரர்களின் முதல் அடியை மட்டும் அவள் இரண்டு மணி நேரம் பழக்கினாள். கால் ஒரு கை அகலம் தவறினாலும் மறுபடியும். இடையில் ஒருவன் புல்லில் துப்பிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

ஹெனிங் அணியைக் கூட்டி, அவளையும் நிறுத்தி வைத்துச் சொன்னான். "அடுத்தது எதிர்க்கரை. தோர்பெனின் அணி. நம்முடைய தாக்குதல் அங்கே இரண்டு டச் டவுன் போடாவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து சயந்தினிக்குப் பதில் வேறு ஆள் வருவான். ஆளைப் பேசி வைத்திருக்கிறேன். இரண்டு போட்டால் அவள் இருக்கட்டும்."

முன்வரிசை ஏழு பேரில் மூன்று பேர் சிரித்தார்கள். அவளிடம் சான்றிதழ் எதுவும் இல்லை, இருபத்திரண்டு கொப்பிகள்தான் இருந்தன. இனி இன்னொரு அணி அவளை எடுக்காது.

ஆட்டம் மே மாதத்தில், எதிர்க்கரையில். தோர்பென் வந்து கை கொடுத்தான். "எல்லாவற்றையும் மாற்றிவிட்டாயாமே. வாழ்த்து." அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாய்ப்பிலேயே டச் டவுன் விழுந்தது. எழுபது யார், பதினைந்து ஓட்டங்கள். எதிராளிகள் பந்து எறியப்படும் என்று பின்னால் தள்ளி நின்றார்கள். அதற்குள் ஏழு உடம்புகள் அவர்களை மிதித்துக்கொண்டு போயின. அவளுடைய ஆட்கள்கூட ஆச்சரியப்பட்டார்கள். அதன் பிறகு ஒன்றும் நகரவில்லை. இடப்பக்கம் ஓடினால் இடப்பக்கத்தில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். வலப்பக்கம் ஓடினால் அங்கேயும் அவர்களே. இடைவேளையில் பதினான்குக்கு ஏழு என்று பின்தங்கியிருந்தார்கள்.

"முதல் அடி பிந்துகிறது," என்று அவள் முன்வரிசைக்காரர்களை ஜேர்மனில் திட்டிக்கொண்டிருந்தபோது பாரத் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"அடி ஒண்ணும் லேட் இல்லக்கா. தோர்பென் கை காட்டறான்."

"என்ன கை?"

"அவங்க டிஃபென்ஸ் ஆடும்போது அவன் சும்மாதானே நிக்கிறான். ஓரத்துல நின்னு, நாம வரிசையில நின்ன உடனே, லெஃப்ட்னா லெஃப்ட் கை, ரைட்னா ரைட் கை. ஒன்பது தடவை பார்த்தேன். எட்டு தடவை கரெக்ட்."

"அவனுக்குப் புது ஆட்டம் ஒண்டும் தெரியாது. ஆறும் நான் போன மாதம் எழுதினது."

"ஆட்டம் புதுசு. நீங்க கூப்பிடற வரிசை பழசு," என்றான் பாரத். "அந்தத் தாளைக் காட்டுங்க. ரெண்டு லெஃப்ட், ஒரு ரைட், ஒரு நடு. ரெண்டு வருஷமா நீங்க இதே மாதிரிதான் கூப்பிடறீங்க. பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கே மனப்பாடம். அவனுக்குத் தெரியாதா?"

சயந்தினி கையில் இருந்த தாளைப் பார்த்தாள். ஆட்டத்துக்கு முன்தினமே இருபத்துநாலு அழைப்புகளை வரிசைப்படுத்தி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டு போவது அவள் வழக்கம். கடைசி வரி முடிந்ததும் மறுபடியும் மேலிருந்து. களத்தில் என்ன நடந்தாலும் வரியைத் தாண்டமாட்டாள். பதற்றத்தில் பிழை விடுகிறவர்களைப் பதினேழு வருடமாகப் பார்த்தவள். பட்டியல் இருந்தால் பிழை வராது என்று நம்பினாள். ஆட்களை மாற்றினாள், ஆட்டத்தை மாற்றினாள், அந்த வரிசையைத் தொடவில்லை.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? போன வாரம் நான் வாயைத் திறந்தப்ப, வாயை மூடிக்கொண்டு நில்லும்னீங்க."

இடைவேளை முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. அவள் தாளை உறையோடு மடித்துப் பைக்குள் திணித்தாள். ஆட்களைக் கூப்பிட்டுப் புது விதி சொன்னாள். இனி இடதா வலதா என்று அவள் சொல்லமாட்டாள், ஆட்டத்தின் பெயரை மட்டும் சொல்லுவாள். வரிசையில் நின்ற பிறகு, கடைசி நொடியில், நடு ஆளுக்கு இரண்டு பக்கமும் எதிராளிகள் எத்தனை பேர் என்று பாரத் எண்ண வேண்டும். குறைந்த பக்கம் ஓட வேண்டும். அவன் கத்துகிற முதல் எண் ஐம்பதுக்குக் கீழே என்றால் இடது, மேலே என்றால் வலது.

"இவன் எண்ணுவதை நம்பி நாங்கள் ஓடுவதா?" என்றான் காரில் போய் உட்கார்ந்தவன்.

"உன்னுடைய மூளையை நம்பச் சொல்லவில்லையே," என்றாள். மற்றவர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது கால் பகுதியில் எதிர்க்கரை இன்னொரு டச் டவுன் போட்டது. அதற்குள் இவர்களும் நகரத் தொடங்கியிருந்தார்கள். தோர்பென் இடக்கையைத் தூக்குவான். எதிராளிகள் இடப்பக்கம் நெருங்குவார்கள். பாரத் எண்ணிவிட்டு எழுபத்தொன்று என்று கத்துவான். ஏழு பேரும் வலப்பக்கம் சாய்வார்கள். மூன்று யார், ஐந்து யார், நாலு யார். ஒருமுறை பாரத் பிழையாக எண்ணி, ஓடினவன் நாலு பேருக்கு அடியில் போனான். அதைத் தவிர நின்று போகவில்லை. தோர்பென் ஒரு கட்டத்தில் கை தூக்குவதை நிறுத்தித் தன் ஆட்களைத் திட்டத் தொடங்கினான்.

முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, கோட்டுக்கு இரண்டு யார் தூரத்தில், கடைசி முயற்சி. ஆட்டத்தைச் சற்று நிறுத்தச் சொல்லி சயந்தினி இடைவெளி கேட்டாள். ஹெனிங் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"இடது," என்றாள் பாரத்திடம், ஜேர்மனில்.

"எண்ணச் சொன்னீங்களே."

"இப்ப எண்ண வேண்டாம். இடப்பக்கம் எங்கட ஆக்கள் பாரம். நான் சொல்லுறன், இடது."

பாரத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனான். வரிசை நின்றது. இடப்பக்கத்தில் எதிராளிகள் ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அறுபத்திநாலு என்று பாரத் கத்தினான். உடம்புகள் வலப்பக்கம் சரிந்தன. குவியல் கலைந்தபோது பந்து கோட்டுக்கு அந்தப் பக்கத்தில், ஓடினவன் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

இருபத்தொன்றுக்குப் பதினான்கு. ஆட்டம் தோல்விதான். கை கொடுக்கும் வரிசையில் தோர்பென் அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

உடைமாற்றும் அறையில் ஹெனிங் கதவைச் சாத்தினான். "ஒன்றுதான்," என்றான். "இரண்டாவது அவளுடையது இல்லை. இடது என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. இவன் வலது போனான். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்படித்தானே?"

அறை அவளைப் பார்த்தது. "அப்படித்தான்," என்றாள் சயந்தினி. "நான் இடது சொன்னேன். பிழையாகச் சொன்னேன்."

"பாரத், அவள் சொன்னதை நீ மீறினாய்."

பாரத் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுடைய ஜேர்மன் மெதுவானது, ஆனால் பிழையில்லாதது. "மீறவில்லை. எண்ணு, குறைந்த பக்கம் போ என்பது இடைவேளையில் அவர் போட்ட விதி. நான் அதைச் செய்தேன். கடைசியில் அவர்தான் தன் விதியை மறந்தார். எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்காது, ஹெனிங். எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டும் அவருடைய ஆட்டம்."

முன்வரிசைக்காரர்களில் ஒருவன் தண்ணீர்ப் போத்தலால் வாங்கில் இரண்டு தடவை தட்டினான். "இரண்டு என்று நீதான் சொன்னாய்," என்றான் ஹெனிங்கிடம். காரில் போய் உட்கார்ந்த அதே ஆள்.

ஹெனிங் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டான். "செவ்வாய்க்கிழமை பயிற்சி, ஏழு மணி. அவளிடமே வாருங்கள்." அவனுக்குப் பின்னால் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

மற்றவர்கள் போன பிறகு அவள் பாரத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த நாலு பேருக்கு அடியில போன ஓட்டம். அதில நீர் பிழையா எண்ணினீர். வலப்பக்கம் ஒருத்தன் முழங்காலில நிண்டவன், அவனை விட்டிட்டீர்."

"தெரியும்."

"செவ்வாய் அரை மணித்தியாலம் முந்தி வாரும். வீடியோவில காட்டுறன்."

"கடைசில நீங்க சொன்ன லெஃப்ட்டையும் சேத்துக் காட்டுவீங்களா?"

"முதல் அதைத்தான் போடுவன்."

பாரத் பையைத் தோளில் மாட்டினான். "தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை வருமா?"

"வராது," என்றாள் சயந்தினி. "ஆறரைக்கு வாரும்."