புஷ்பா அழிக்காத படம்

போன புதன்கிழமை மத்தியானம். கண்டியில் நாங்கள் வேலை செய்கிற கந்தோரின் சாப்பாட்டு மேசை. பார்சலைப் பிரித்து முதல் வாய் சோற்றை வைத்திருப்பேன்... எதிர்க் கதிரையில் இருந்த புஷ்பா தன் போனை எடுத்து எல்லாருக்கும் நடுவில் வைத்தாள்.

"லா பாஸ் படம் கேட்டீங்கல்ல? இந்தாங்க, பாருங்க."

எட்டிப் பார்த்தேன். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் படம்! இரண்டு மாதத்துக்கு முன்னால், "நானே அழிச்சிர்றேன், நீங்க யாருக்கும் சொல்லக் கூடாது, பத்தியில எழுதவே கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிய அதே படம்.

ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பிளைகள், ஆளுக்கொரு பையை முதுகில் போட்டுக்கொண்டு பொலிவியாவுக்குப் போன கூத்தை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்தேன், வாசித்திருப்பீர்கள். லா பாஸ் நகரத்தில் முதல் நாள் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை. சத்தியம் தடுத்தது. என் மானமும் தடுத்தது என்று வையுங்கோவன்.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஏதோ ஊர்வலம், ரோடெல்லாம் மறித்திருந்தார்கள். டக்சி மேலே போகாது. நாங்கள் தங்க வேண்டிய இடமோ செங்குத்தான படிக்கட்டுத் தெருவின் உச்சியில். சாதாரண உச்சியா அது? நுவரெலியாவின் தலையில் இன்னொரு நுவரெலியாவைத் தூக்கி வைத்த உயரம். சும்மா நின்றாலே மூச்சு வாங்குகிறது.

இருபது படி ஏறியிருப்பேன். டப்! என் பையின் வார் இரண்டும் அறுந்து போயின.

பையைக் குறை சொல்ல ஏலாது. உள்ளே ஒரு சின்ன ரைஸ் குக்கர், மூன்று கிலோ புழுங்கலரிசி, யாழ்ப்பாணத்துத் தூள், எலுமிச்சங்காய் ஊறுகாய். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அரிசி கிடைக்காது என்று நம்புகிற சாதி நாங்கள். புறப்படும்போதே புஷ்பா சொன்னாள், "அக்கா, குக்கர் வேணாம்." நான் கேட்டால்தானே!

படியில் குந்திவிட்டேன். தலை சுற்றியது. "என்னால ஏலாது புஷ்பா. பையை இங்கேயே விட்டிட்டுப் போவம்."

அவள் தன் பைக்குள் இருந்து உடுப்புக் காயப் போடுகிற கொடிக் கயிற்றை எடுத்தாள். என் பையைச் சுற்றி இரண்டு கட்டு, ஒரு முடிச்சு. துவாயை மடித்து உச்சந்தலையில் வைத்தாள். கயிற்றை அதன் மேல் மாட்டி, குனிந்து ஒரு எம்பு எம்பினாள்... பை முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"என் சின்னப் பையை நீங்க எடுத்துக்கங்க. வாங்க போவோம்."

ஏறினாள் பாருங்கள்! கழுத்தை முன்னுக்குக் கொடுத்து, காலை அகட்டி வைத்து, அவசரமே இல்லாமல். எத்தனை தரம் எம்பினாலும் அந்த முடிச்சு நழுவவில்லை. நான் பின்னால் நாய் மாதிரி இளைத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில், வட்டத் தொப்பி போட்ட ஒரு உள்ளூர்ப் பொம்பிளை எதிர்ப்பட்டாள். அவள் முதுகிலும் வரிவரியான துணியில் கட்டிய கிழங்கு மூட்டை. புஷ்பாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஏதோ சொன்னாள். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு வந்து, புஷ்பா சுமந்த பையை அடியில் கை கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள், கழுத்து கொஞ்சம் ஆறட்டும் என்று. இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துச் சிரித்தார்கள். புஷ்பாவின் போனில் நான் எடுத்த படம் அதுதான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கேட்டேன். "இதை எங்க பழகினீர்?"

பையை இறக்கி வைத்துக் கயிற்றைச் சுற்றினாள். பிறகு, "எங்கம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க அக்கா. லீவு நாள்ல நானும் மலைக்குப் போயிருக்கேன். கூடையை இப்படித்தான் மாட்டுவோம்."

"அப்பா தோட்டத்தில கிளாக்கர் எண்டு சொன்னீரே?"

"பொய் சொன்னேன். அப்பாவும் கூலி வேலைதான். ஆபீசுக்கு வந்த முத நாளே, 'நீர் தோட்டப் பக்கமோ?'ன்னு ஒரு மாதிரி மூக்கைச் சுளிச்சுக் கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் வெட்கக்கேடு. கேட்டவளுக்கு மறந்துவிட்டது. கேட்கப்பட்டவள் இருபத்திரண்டு வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"அம்மா செத்தப்ப தூரம், வராதீங்கன்னு சொன்னேன்ல? தூரமெல்லாம் இல்ல. நாங்க இருந்த ஒத்தை அறை லயத்து வீட்டை நீங்க பாத்திருவீங்கன்னு பயம்."

நாங்களும் போகவில்லை. ஒரு மலர்மாலைக்குச் சொல்லிவிட்டுக் கந்தோரில் இருந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மலையகத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்ல ஒரு சொல் இருந்தது. நானும் வாய் கூசாமல் சொல்லி வளர்ந்தவள்தான். புஷ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என்னை மன்னியும்" என்றேன். "விடுங்கக்கா, மொதல்ல குக்கரைப் போடுங்க" என்றாள்.

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்து வருகிற பாத்திமா போனைக் கையில் எடுத்தாள். "மிஸ், தலையில கயிறு! இத எங்க படிச்சீங்க?"

ஒரு பொய் வரப் போகிறது, நானும் தலையாட்ட வேண்டும் என்று தயாராகவே இருந்தேன்.

"எங்கம்மாகிட்ட. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன்." நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னாள். குரலில் ஒரு தளும்பல் இல்லை.

பாத்திமா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கூடை எவ்வளவு பாரம் இரிக்கும்? மழைக்கும் போவாங்களா?" என்று ஆரம்பித்துவிட்டாள். மணி இரண்டாகியும் ஒருவரும் எழும்பவில்லை. கை துடைக்கிற துவாயைத் தலையில் மடித்து வைத்து, கயிறு எங்கே வரும் என்று காட்டினாள் புஷ்பா. கடவுளே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பொம்பிளை என் சிநேகிதி என்று கண்டி மார்க்கெட் வாசலில் நின்று கத்தலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று. "அவ்வளவு பாரமான பை யாருடையது?" என்று யாரோ கேட்டபோது, நான் மும்முரமாகப் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் குண்டசாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்து சொன்னாள். "எழுதுங்கக்கா. என் பேரைப் போட்டே எழுதுங்க. ஆனா பை யாரோடதுன்னும் எழுதணும்."

எழுதிவிட்டேன், புஷ்பா. பை என்னுடையது. 'நீர் தோட்டப் பக்கமோ?' என்ற அந்தக் கேள்வியும் என்னுடையதுதான்.