வாசப்படி தாண்டிய செவ்வாய்க்கிழமை

எங்கள் மகன் முத்து அழவே மாட்டான். அதுதான் முதல் அறிகுறி. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) ஓடவேண்டிய தாய்க்கு அழாத பிள்ளை பெரிய வரம். எங்கள் லயத்தில் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்த பாக்கியம், கால் ஊனப்பட்டு மலையேற முடியாததால் லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். "தங்கமான புள்ள அண்ணே, தூளியில போட்டா போட்ட மாதிரியே கெடக்கான்" என்பாள். நானும் என் மனைவி செல்லம்மாவும் பூரித்துப் போவோம். எட்டு மாதம் அப்படியே பூரித்துக் கிடந்தோம்.

எட்டாம் மாதத்திலும் தலை நிற்கவில்லை. தூக்கினால் கைக்குள்ளிருந்து நழுவினான்.

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பசறை வரை நடந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் போனோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அரை நாள் காத்திருந்தோம். யாழ்ப்பாணத்து டாக்டர் முத்துவின் சாய்ந்த கண்களையும் உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றை ரேகையையும் பார்த்தார். தசைத் தொய்வு (சதைக்கு இருக்கவேண்டிய பிடிப்பு இல்லாமை), பிறவியிலேயே வந்தது என்றார். குழாய் வைத்துக் கேட்டு, இதய இரைச்சலும் (துடிப்போடு சேர்ந்து வரும் வேண்டாத சத்தம்) இருக்கிறது என்றார். இங்கிலீசில் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். ஏதோ தூர தேசத்து மக்களின் பெயராம். என் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பெயர்? இன்றும் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

"நடப்பானாங்க?" என்றாள் செல்லம்மா.

"பிந்தும். பிள்ளையை ஏணையிலை போட்டு வைக்காதேங்கோ. பாயிலை குப்புறக் கிடத்துங்கோ. கை ஊண்டிப் பழகட்டும்."

தூளியைத்தான் அவர் ஏணை என்றார். வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்த்துவிட்டேன்.

இப்படியொரு பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை விழித்திருக்கும்போது, கம்பளியைச் சுருட்டி மார்புக்கடியில் வைத்துக் குப்புறப் போடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பால் குடித்த உடனே வேண்டாம். கொஞ்ச நேரம் போதும், ஆனால் பல தடவை. கால்கள் தவளைக்கால் போல விரியும். தொடைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். உதடு நீலம் பூத்தால் நிறுத்திவிடுங்கள். ஆசைப்படும் பொருளை எட்டாத தூரத்தில் வையுங்கள். முத்துவுக்கு அது அம்மாவின் கொழுந்துக் கூடை.

எங்கள் சனத்தில் பிள்ளை முதன்முதல் வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்து லயம் முழுக்கக் கொடுப்போம். லயத்தில் முத்துவுக்குப் பின் பிறந்த பிள்ளைகளெல்லாம் தாண்டிவிட்டன. அந்தக் கொழுக்கட்டைகள் எங்களுக்கும் வந்தன. செல்லம்மா சிரித்து வாங்குவாள், உள்ளே வந்து அழுவாள். ஆனாலும் ஒரு கலயத்தில் அரிசி எடுத்து வைத்திருந்தாள். "எம்புள்ள தாண்டுறத நான் கண்ணால பாக்கணும்" என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஒன்றரை வயதில் உட்கார்ந்தான். இரண்டு வயதை நெருங்கும்போது வயிற்றால் இழுத்து இழுத்து வாசப்படி வரை வந்துவிட்டான். படியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பான். இன்னும் ஒரு சாண்தான்.

அந்த மழைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கியது. பாதை சரிந்து கிடந்ததால் வண்டி ஓடவில்லை. பசறை போகும் வழியில் என் இடது தோளில் அவன் மூச்சு நின்றது. கொஞ்ச தூரம் தெரியாமலே நடந்தேன்.

பதினாறாம் நாள் பாக்கியம் வந்து வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, காச்சல் வாரதுக்கு முந்தின செவ்வாக்கெழமையே அவன் தாண்டிட்டான்."

செல்லம்மா எழுந்து வந்தாள்.

"ரெண்டு கையயும் வெளிய ஊனி, வவுத்த இழுத்து, முழுசா வந்துட்டான். சிரிச்சான். நீ மொதல்ல பாக்கணும்னியே தாயி... அதான் திரும்பத் தூக்கி உள்ள வச்சிட்டேன். ஞாயித்துக்கெழம நீ வீட்டுல இருக்கையில தாண்டட்டும்னு..." தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளைத் திட்ட எனக்கு வார்த்தை வாய் வரை வந்தது. செல்லம்மா கலயத்தை இறக்கி அரிசியை ஊறப்போட்டாள். மறுநாள் கொழுக்கட்டை அவித்து வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் கொழுக்கட்டையைப் பாக்கியத்தின் கையில் வைத்தாள்.

வருஷங்கள் போய்விட்டன. மழை நாளில் இடது தோள் இன்னும் கனக்கிறது. வருஷக் கணக்கு எனக்கு அடிக்கடி தப்பிப்போகிறது. அந்தச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில், அவன் தாண்டியது தெரியாமலே நாங்கள் வேலைக்குப் போய்வந்த அந்த ஒரு நாள் மட்டும் முடிவதில்லை. வெளியே போகும்போதெல்லாம் வாசலில் நின்று, படியில் யாரும் கன்னம் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்குகிறேன்.