அண்ணியைப் பற்றி ஒரு தப்பான குறிப்பு

அண்ணன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது சின்னவனுக்கு.

அண்ணி காலமாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அண்ணன் அண்ணியின் பேச்சையே எடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் "ம்", "வேண்டாம்", "போதும்" என்று மூன்றே சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டினார். சின்னவனோ பல் டாக்டர். ஒரு நாளைக்கு இருபது பேரை வாயைத் திறக்க வைப்பவன். சொந்த அண்ணனிடம் மட்டும் ஜம்பம் பலிக்காமல், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். அண்ணியின் நினைவு வந்து அழுதால்கூடப் பரவாயில்லை, இந்த மௌனத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அண்ணி வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். சலவைப் பிரிவுக்குப் புதுக் கட்டடம் வருகிறதாம். சுவரில் மாட்ட அண்ணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"நீங்களே எழுதுங்க சித்தப்பா. அப்பா பேனாவையே தொட மாட்டேங்கறார்" என்றாள் அண்ணன் மகள்.

சின்னவன் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. அண்ணன் ஆயுசு பூராவும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவர். தப்பான தகவலைக் கண்டால் மனுஷனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். போகிற வீட்டில் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்னால் ஓடினால், காபி ஆறினாலும் சரியென்று ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர் முன்னால் அண்ணியைப் பற்றித் தப்பும் தவறுமாக வாசித்தால் எத்தனை நேரம் பொறுப்பார், பார்க்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னவன் எழுதி வந்த தாளை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான்.

"'அண்ணி சலவைப் பிரிவில் இருபத்தி நாலு வருஷம் வேலை பார்த்தார்.'"

முப்பத்தொரு வருஷம். அண்ணன் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேப்பர் அசையவில்லை.

"'எத்தனை பெரிய பெட்ஷீட்டாக இருந்தாலும் தனி ஆளாகவே மடிப்பார்.'"

இது பச்சைப் பொய். வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றிய கையோடு பெட்ஷீட்டின் இரண்டு முனையைக் கையில் திணிப்பது அண்ணியின் வழக்கம். இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிப்பதற்குள் வந்தவர்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூடத் தப்பவில்லை. நாலு பெட்ஷீட் மடித்த பிறகுதான் பாவம், அவனுக்கு நாற்காலியே கிடைத்தது. "இழுக்கவும் தெரியுது, விட்டுக் கொடுக்கவும் தெரியுது. பேசி முடிச்சிடலாம்" என்று அண்ணி அடுக்களையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பேப்பர் லேசாக ஆடியது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம்.

"'ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்கு, மேலதிகாரியின் உத்தரவுப்படி, சூடான போர்வை கொண்டுபோய்க் கொடுப்பார்.'"

எந்த மேலதிகாரி உத்தரவு போட்டார்? 'இது உன் வேலை இல்லை' என்று கடிந்துகொண்டவர்தான் அவர். குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும் வயசானவர்களைப் பார்த்துவிட்டு, இஸ்திரி மெஷினிலிருந்து வரும் போர்வையை மார்போடு அணைத்தபடி, சூடு ஆறுவதற்குள் இரண்டு வராந்தா தாண்டி ஓடுவார் அண்ணி. தினமும் ஓடினார். ஒரு பெரியவர் அதைப் போர்த்திக்கொண்டு, "இதுவே சுகமா இருக்கும்மா, ஆபரேஷன் எதுக்கு?" என்று அடம்பிடித்தாராம்.

பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான். சின்னவன் நொந்துபோனான்.

கடைசிப் பத்தி பாக்கி இருந்தது. அதில் அவன் வேண்டுமென்று எந்தத் தப்பும் செய்யவில்லை.

"'கல்யாணமான புதிதில் அண்ணி நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். தாய் தகப்பன் இல்லாத, ஏழு வயசுக் கொழுந்தனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. அவனைக் கவனிப்பதற்காகப் பயிற்சியையே விட்டுவிட்டார்...'"

அந்தக் கொழுந்தன் அவனேதான். முப்பத்தாறு வருஷமாக நர்ஸ் உடுப்பில் யாரைப் பார்த்தாலும், அண்ணி நின்றிருக்க வேண்டிய இடம் இது என்று அவன் நெஞ்சு உறுத்தும். விழுந்து விழுந்து படித்ததும் அந்தக் கடனுக்காகத்தான்.

"தப்பு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்தது. இருவரும் விதிர்த்துப்போய்ப் பார்த்தார்கள்.

"என்னண்ணா?"

"தப்புங்கறேன். உன் காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." பேப்பர் இறங்கியது. "சேர்ந்த மூணாவது நாள் யாருக்கோ ஊசி போட்டாங்க. இவ மயக்கம் போட்டு விழுந்துட்டா. நாலாவது நாள் ரத்தத்தைப் பார்த்துட்டு, பக்கத்துல நின்ன பெரிய டாக்டரையும் சேர்த்து இழுத்துக்கிட்டு விழுந்தா. 'இனிமே வராதேம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டாங்க."

"அப்போ என் காய்ச்சல்?"

"அது அடுத்த வாரம். 'ஏங்க, சொந்தக்காரங்க கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணம் கிடைச்சிடுச்சு'ன்னு உனக்குக் கஞ்சி கொடுத்துக்கிட்டே சிரிக்கிறா!"

அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சின்னவன் பேய் முழி முழித்தான்.

"முப்பத்தாறு வருஷமாண்ணா!"

"நீ டாக்டர் ஆன அன்னிக்கு அவ கால்ல விழுந்து அழுதியே, அப்பவே உண்மையைச் சொல்லத்தான் பார்த்தா. 'இப்ப சொன்னா சின்னவன் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடுவான்'னு பயந்துட்டா." அண்ணன் சிரித்தார். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவுமில்லை. "அவளுக்கு அந்த வேலைதான்டா பிடிச்சது. அழுக்கா வந்தது வெள்ளையாப் போகுது, இதைவிட என்ன வேணும்னு கேட்பா. உனக்காக எதையும் தியாகம் பண்ணலடா. உன்னை வளர்த்ததும் ஆசைப்பட்டுத்தான் வளர்த்தா. அதை எழுது."

அண்ணன் அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு பேனா கேட்டார். அடித்தார், திருத்தினார், "இருபத்தி நாலாம், இருபத்தி நாலு!" என்று முணுமுணுத்தார்.

"அண்ணா, வேற என்னவெல்லாம் என் தலையில போட்டிருக்காங்க?"

அண்ணன் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"உட்காரு. கண்ணாடி அலமாரியை நீ உடைக்கலேங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும்."