மேலே பூசிய மை

நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மாட்டுவண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் இரும்பு அச்சைத் தின்றுவிடும். அதனால் வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, அச்சைக் கழுவி, மசகு மை போட வேண்டும். நான் இரண்டு மாதமாகக் கழற்றாமலே வெளியில் மட்டும் மையைப் பூசிவந்தேன். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது.

ஒருநாள் குடியாத்தத்திலிருந்து தோல் ஏற்றிவந்த வண்டி, பாலாற்று மணலில் அச்சு முறிந்து சாய்ந்தது. வெயிலில் கிடந்த தோலில் பாதி கெட்டுப்போயிற்று.

முதலாளி சாயபு வண்டிக்காரர் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா, மாட்டை வெரட்டினியா? நாளைலேர்ந்து வராதே."

"மெதுவாத்தான் வந்தேன் சாயபு. மாட்டையே கேளுங்க, அது பொய் சொல்லாது."

முறிந்த அச்சிலிருந்து துரு உதிர்ந்தது. பேசாமல் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டியிருக்கலாம். எனக்கு அது பழக்கம்தான். ஏழுமலைக்கு நான்கு பிள்ளைகள்.

"தப்பு என்னோடது சாயபு. ரெண்டு மாசமா நான் சக்கரத்தைக் கழட்டவே இல்ல."

சாயபு கை ஓங்கினார். ஏழுமலைதான் தடுத்தார். "அடிச்சா அச்சு ஒட்டிக்குமா? இனிமே இவன் மை போட்டா, மொத நடை லோடு மேல இவனே குந்திக்கினு வரட்டும்."

மறுவாரம் நாறும் தோல்கட்டின் மேல் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தேன். சக்கரம் மணலில் இறங்கும்போதெல்லாம் குனிந்து அச்சைப் பார்த்தேன். அச்சு தாங்கியது.

பிறகு எத்தனையோ வண்டிகளும் எஞ்சின்களும் என் கைக்கு வந்துவிட்டன. பழுதுபார்த்த வண்டியில் இன்றும் முதலில் நான்தான் ஏறுகிறேன்.